சனிக்கிழமை மைதானம்

(பொதுக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விளையாட்டைப் பற்றிப் பேச வந்தவன் உலகக் கோப்பையைப் பற்றியோ, லட்சோபலட்சம் ஜனங்கள் கண்கொட்டாமல் பார்க்கும் பெரும் பந்தயங்களைப் பற்றியோ பேசுவான் என்று நீங்கள் எண்ணி வந்திருந்தால், அந்த எண்ணத்தை முதலிலேயே கலைத்துவிடுவதுதான் மரியாதை. டிக்கெட்டும் இல்லாமல், சுற்றி வேலியும் இல்லாமல், பார்க்க வந்தவர்கள் அனைவரும் ஆடுகிறவர்களின் தாய் தந்தையராகவும் பாட்டன் பாட்டிமாராகவுமே இருக்கிற ஓர் ஆட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அமெரிக்க ஐக்கிய நாட்டில், விசேஷமாகக் கலிபோர்னியா மாகாணத்தில், சனிக்கிழமை காலையில் எந்த ஊரின் பூங்காவுக்குப் போனாலும் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகச் சட்டையணிந்த சிறுவர் சிறுமியர் பந்தை விரட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். அவர்களில் பலரைப் பல ஆண்டுகளாகத் திரட்டி ஆடவைத்து வந்திருப்பது, ஏ.ஒய்.எஸ்.ஓ. என்று நான்கு எழுத்துக்களால் வழங்கும் அமெரிக்க இளைஞர் கால்பந்து ஸ்தாபனம். அந்த ஸ்தாபனத்தை ஊர்தோறும் நடத்துகிறவர்கள் ஒரு காசும் சம்பளம் பெறாதவர்கள். அவர்கள் சம்பளம் பெறாததற்கும், அங்கே எந்தப் பிள்ளையும் ஆட்டம் முழுவதும் ஓரத்தில் உட்கார்ந்திருக்க நேராததற்கும் உள்ள சம்பந்தத்தை எடுத்துக் காட்டுவதே இன்றைய என் நோக்கம்.

1964-ஆம் ஆண்டில், லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துக்குத் தென்மேற்கே இருக்கும் டாரன்ஸ் என்ற ஊரில், ஒரு வீட்டின் கார் கொட்டகையில் பில் ஹ்யூஸ், ஹான்ஸ் ஸ்டீர்லி முதலான சிலர் கூடி இதைத் தோற்றுவித்தார்கள். முதலில் ஆடியவை ஒன்பது அணிகள். அன்றைய அமெரிக்காவில் கால்பந்து என்றால், தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் பாயும் வேறோர் ஆட்டத்தையே ஜனங்கள் நினைத்தார்கள்; உலகமெங்கும் ஆடப்படும் நம்முடைய கால்பந்தோ, ஜெர்மனியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் குடியேறியவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் தங்கள் சங்கங்களில், தங்கள் தங்கள் பாஷையில் கூவிக்கொண்டு ஆடும் அந்நியச் சரக்காகவே கருதப்பட்டது. குடியேறியவர்களின் பிள்ளைகளே, பள்ளிக்கூடத்தில் சேர்ந்த மறுநாள் பேஸ்பால் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிரேசில் நாட்டுப் பெலே நியூயார்க் காஸ்மாஸ் அணிக்கு ஆட வந்து அந்நாட்டாரின் கவனத்தை இந்த ஆட்டத்தின்பால் இழுத்தது 1975-இல்தான். அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு வீரனின் புகழோ ஒரு வியாபாரியின் முதலோ துணையில்லாமல், கொட்டகையில் கூடிய நாலைந்து பேர் குழந்தைகளைக்கொண்டு ஆரம்பித்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்படிக் கூடுவது அந்த ஜனசமூகத்தின் பழைய சுபாவம். 1831-இல் அமெரிக்காவுக்கு யாத்திரை போய், அங்கே கண்டவற்றை 1835-இலும் 1840-இலும் இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்ட தொக்வில் என்னும் பிரெஞ்சு அறிஞர், ஒரு புதிய காரியம் தொடங்க வேண்டுமானால் பிரான்சில் அரசாங்கம் முன்னிற்கும், இங்கிலாந்தில் ஒரு பிரபு முன்னிற்பார், அமெரிக்காவில் ஒரு சங்கம் முன்னிற்கும் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். பாலம் கட்டவும், புஸ்தகசாலை வைக்கவும், குடியை ஒழிக்கவும் சங்கம் கூட்டிய ஜனங்கள், குழந்தைகள் பந்து விளையாடவும் சங்கம் கூட்டினார்கள். அந்தச் சுபாவம் இப்போது தேய்ந்து வருகிறது என்று அந்நாட்டுச் சமூகவியல் அறிஞர்கள் கவலையோடு எழுதுகிறார்கள். தேய்ந்தும் மிஞ்சியிருக்கும் இடங்களில் இந்தச் சனிக்கிழமை மைதானமும் ஒன்று என்பது என் அபிப்பிராயம்.

நிர்வாகத்தைச் சிறிது பார்ப்போம். தலைமை நிலையத்தில் சம்பளம் பெறும் சிப்பந்திகள் உண்டு. அது தேசம் முழுவதற்குமான இன்ஷூரன்ஸ், பதிவேடு, பாடத்திட்டம் இவற்றைக் கவனிக்கிறது. ஆனால் உயிர் இருப்பது 'ரீஜன்' என்று பெயர்பெற்ற ஊர்க் கிளைகளில். ஒவ்வொரு ரீஜனுக்கும் ஓர் எண் உண்டு. கமிஷனர் ஒருவர் உண்டு. கமிஷனர் என்றவுடன் நமக்கு டவாலிச் சேவகனும் கொடி கட்டிய காரும் நினைவுக்கு வரும். இந்தக் கமிஷனரோ பகலில் பல் வைத்தியராகவோ, பள்ளி ஆசிரியையாகவோ, கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியராகவோ இருந்துவிட்டு, இரவு சாப்பாடு முடிந்த பிறகு அடுக்களை மேஜையில் உட்கார்ந்து ஊர்ப் பிள்ளைகளின் பெயர்களை அணி அணியாகப் பிரித்துக்கொண்டிருப்பவர். அவருக்குக் கீழே பதிவாளர், பொக்கிஷதாரர், பயிற்சியாளர்களைக் கவனிக்க ஒருவர், நடுவர்களைக் கவனிக்க ஒருவர், மைதானங்களுக்கு ஒருவர், விபத்துத் தடுப்புக்கு ஒருவர், பிள்ளைகள் யாராலும் துன்புறுத்தப்படாமல் காக்கவென்றே ஒருவர். இத்தனை பேரும் அந்த ஊரில் ஏதாவது ஒரு குழந்தையின் தகப்பனாராகவோ தாயாராகவோ இருப்பவர்கள். குழந்தை வளர்ந்து போன பிறகும் விட மனமில்லாமல் தங்கிவிட்டவர்களும் சிலர் உண்டு.

அவர்கள் செய்யும் வேலையில் பந்தைத் தொடும் வேலை மிகச் சிறிய பாகம். நகரசபையின் பூங்கா இலாகாவிடம் மைதானத்துக்கு அனுமதி கேட்டு, பேஸ்பால்காரர்களோடு மணிக்கணக்கைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கோடை விடுமுறை முடிவதற்குள் பதிவை முடித்து, கடைசித் தேதிக்குப் பிறகு வந்து, "எங்களுக்கு யாருமே சொல்லவில்லையே" என்று முறையிடும் பெற்றோரைச் சமாதானம் செய்ய வேண்டும். சட்டைகளுக்கு அளவு எழுதி வரவழைத்து, வந்தவை வேறு அளவில் இருப்பதைக் கண்டு மனம் தளராதிருக்க வேண்டும். சனிக்கிழமை விடியற்காலையில், புல்லில் பனி உலர்வதற்கு முன் ஒருவர் சக்கரம் வைத்த இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வெள்ளைக் கோடு போடுகிறார். இன்னும் இருவர் கோல் சட்டங்களைத் தூக்கி வந்து வலை மாட்டுகிறார்கள். பிறகு சட்டத்தின் பின்புறக் கம்பிமேல் மணல் மூட்டைகளை அடுக்குகிறார்கள். அந்த மணல் மூட்டை அலங்காரத்துக்கானதன்று. தூக்கி வைக்கும் கோல் சட்டம் காற்றிலோ, பையன்கள் குறுக்குக் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போதோ கவிழ்ந்து குழந்தைகள் மாண்ட சம்பவங்கள் அந்நாட்டில் நிகழ்ந்திருக்கின்றன. ஆகவே சட்டம் தரையோடு பிணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே நடுவர் ஆட்டத்தைத் தொடங்கவேண்டும். இடிச் சத்தம் கேட்டால் ஆட்டம் உடனே நிற்கும்; கடைசி இடி கேட்டு முப்பது நிமிஷம் சென்றால்தான் மறுபடி மைதானத்தில் கால் வைக்கலாம். இடைவேளையில் ஆரஞ்சுச் சுளை கொடுப்பது எந்த வீட்டாரின் முறை, ஆட்டம் முடிந்தபின் தின்பண்டம் கொண்டுவருவது எந்த வீட்டாரின் முறை என்பதற்கும் ஓர் அட்டவணை உண்டு. கோல் போட்டவனின் பெயரை மறந்துவிடும் சிறு பிள்ளைகள், தின்பண்டம் கொண்டுவர மறந்த வீட்டாரின் பெயரை அந்தப் பருவம் முடியும்வரை மறப்பதில்லை.

இந்த ஸ்தாபனத்துக்கு ஆறு கொள்கைகள் உண்டு. அவற்றுள் யாரும் சேரலாம் என்பது, நல்ல விளையாட்டுப் பண்பு என்பது, இதமாகப் பயிற்றுவிப்பது, ஆட்டக்காரனின் அபிவிருத்தி ஆகியவற்றை எந்தச் சங்கமும் தன் அறிக்கையில் அச்சிட்டுக்கொள்ளலாம், பல சங்கங்கள் அச்சிட்டுக்கொண்டும் இருக்கின்றன. ஏனைய இரண்டுதான் பிரத்தியேகமானவை. ஒன்று, எல்லோரும் ஆடவேண்டும் என்பது. மற்றொன்று, அணிகள் சமபலமாக இருக்கவேண்டும் என்பது.

எல்லோரும் ஆடவேண்டும் என்ற சொல்லை உபதேசமாக விட்டுவிடாமல் கணக்காக்கினார்கள். அணியில் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் குறைந்தபட்சம் பாதி நேரம் ஆடியே தீரவேண்டும். அதற்காக ஆட்டத்தின் ஒவ்வொரு பாதியையும் நடுவில் ஒருமுறை நிறுத்தி, நாலு காற்பகுதிகளாக்கி, அந்த நிறுத்தங்களில் ஆட்களை மாற்றுகிறார்கள். பயிற்சியாளர் ஆட்டத்துக்கு முன் தம் பிள்ளைகளின் பெயர்கள் எழுதிய ஓர் அட்டையை நடுவரிடம் கொடுக்கிறார். எந்தப் பிள்ளை எந்தக் காற்பகுதியில் வெளியே இருந்தது என்று நடுவர் அதில் குறித்து வைக்கிறார். குறிப்பு இருப்பதால் மறதி என்ற சாக்குக்கு இடமில்லை. பந்து வருகிற திசைக்கு எதிர்த்திசையில் ஓடுகிற குழந்தையும், மைதானத்தின் நடுவில் குந்தி உட்கார்ந்து புல் பறிக்கிற குழந்தையும், அணியின் முதல் ஆட்டக்காரனும் இந்த அட்டைக்கு முன் சமானம். கல்யாணப் பந்தியில் இலை போடுகிறவன், 'இவன் எவ்வளவு சாப்பிடுவான்?' என்று யோசித்தா இலை போடுகிறான்? வந்து உட்கார்ந்தவனுக்கெல்லாம் இலை உண்டு. பிறகு அவன் சாப்பிடுவதும் மிச்சம் வைப்பதும் அவன் சமர்த்து.

இங்கேதான் சம்பளத்தின் விஷயம் வருகிறது. கூலி வாங்குகிற பயிற்சியாளனைக் குறை சொல்வது என் எண்ணமன்று, அவனும் ஜீவிக்கவேண்டியவன். ஆனால் அவனுடைய நிலையை யோசித்துப் பாருங்கள். அடுத்த ஆண்டும் பெற்றோர் அவனிடம் பிள்ளைகளை அனுப்பவேண்டுமானால் அவன் அணி ஜெயித்திருக்கவேண்டும். ஜெயிக்கவேண்டுமானால் கெட்டிக்காரப் பிள்ளைகள் களத்தில் நிற்கவேண்டும். அவர்கள் நிற்கவேண்டுமானால் மற்றவர்கள் ஓரப் பலகையில் உட்காரவேண்டும். இதில் யாருடைய மனக் கடினமும் இல்லை. ஒரு கண்ணியை இழுத்தால் மறு கண்ணி வரும் சங்கிலி, அவ்வளவுதான். ஊதியம் பெறாத தகப்பனாருக்கோ, ஜெயித்தால் கிடைப்பது சனிக்கிழமை மத்தியானம் வரையில் நீடிக்கும் ஒரு பெருமை. அந்தப் பெருமை அற்பமானதென்று சொல்லமாட்டேன். நாற்பத்தைந்து வயது மனிதர் எட்டு வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தில் தோற்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் முகம் வாடியிருப்பது அங்கே சர்வ சாதாரணம். ஆனாலும் வீண் பெருமையை விதி போட்டுக் கட்டிவிடலாம்; வயிற்றுப் பிழைப்பை விதி போட்டுக் கட்ட முடியாது. பாதி நேர விதி நெடுங்காலமாக நிலைத்து நிற்பதற்குக் காரணம், அதை மீறுவதால் யாருக்கும் அரிசி கிடைக்காது என்பதுதான்.

இரண்டாவது கொள்கையாகிய சமபலம் இதைவிடச் சூட்சுமமானது. பருவம் முடிந்ததும் அணிகள் கலைந்துவிடும். ஒவ்வொரு பயிற்சியாளரும் தம் பிள்ளைகளுக்குத் திறமைக் குறியீடு எழுதிக் கொடுக்கவேண்டும். அடுத்த பருவத்தில் அந்தக் குறியீடுகளை வைத்துக்கொண்டு கெட்டிக்காரர்களையும் புதியவர்களையும் எல்லா அணிகளுக்கும் பரப்பிப் பங்கிடுவார்கள். மனித சுபாவம் இங்கே தன் கைவரிசையைக் காட்டாமல் இருக்குமா? தமக்கே திரும்பி வரக்கூடிய நல்ல பிள்ளைக்குக் 'கூடிய சீக்கிரம் தேறலாம்' என்று அடக்கமாகக் குறியீடு போடுகிறவர்கள் உண்டு. கெட்டிக்காரப் பையனின் தகப்பனாரை உதவிப் பயிற்சியாளராக முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, அந்த வழியாகப் பையனைத் தம் அணிக்குக் கொண்டுவந்து சேர்க்கிறவர்களும் உண்டு. நாலு வருஷம் பதவியிலிருந்த கமிஷனருக்கு இந்த வித்தைகளெல்லாம் மனப்பாடம். அவர் சிரித்துக்கொண்டே குறியீட்டைத் திருத்துகிறார். அணிகள் ஒருக்காலும் துல்லியமாகச் சமமாவதில்லை. எனினும் பத்து ஆட்டத்தில் பத்தும் தோற்கும் அணியும், பத்தும் ஜெயிக்கும் அணியும் அபூர்வமாகும்படி செய்துவிட்டார்கள்.

ஆட்டத்தின் அளவையும் குழந்தையின் அளவுக்குக் குறைத்திருக்கிறார்கள். அந்நாட்டுக் கால்பந்துச் சம்மேளனம் சில ஆண்டுகளுக்கு முன் வகுத்து, நாடு முழுவதும் அமலாக்கியிருக்கும் ஏற்பாட்டின்படி, எட்டு வயது வரையில் பக்கத்துக்கு நால்வர், கோல்கீப்பர் கிடையாது, பத்து வயது வரையில் எழுவர், பன்னிரண்டு வரையில் ஒன்பதின்மர், அதற்குமேல்தான் பதினொருவர். பந்தும் மூன்றாம் எண்ணிலிருந்து ஐந்தாம் எண்ணுக்கு வயதோடு வளர்கிறது. பதினொருவர் ஆடும் பெரிய மைதானத்தில் ஆறு வயதுக் குழந்தையை விட்டால், அது பந்தைத் தொடுவது அரைமணிக்கொருமுறை; நால்வர் ஆடும் சிறு களத்தில் நிமிஷத்துக்கு நிமிஷம் பந்து காலுக்கு வந்துகொண்டேயிருக்கும். பத்து வயதுக்காரர்களின் ஆட்டத்தில் ஒரு நூதனமான கோடும் உண்டு: கோல்கீப்பர் கையில் பந்து இருக்கும்போது எதிரிகள் அந்தக் கோட்டுக்கு அப்பால் விலகவேண்டும், கோல்கீப்பரும் பந்தைத் தூக்கி வானத்தில் உதைக்கக் கூடாது. பக்கத்திலிருக்கும் தோழனுக்கு உருட்டிவிட்டு, அங்கிருந்து நிதானமாக ஆட்டத்தைக் கட்டக் கற்றுக்கொள்ளட்டும் என்பது கருத்து. மூளை அதிர்ச்சி பற்றிய வழக்கொன்று நீதிமன்றத்துக்குப் போனதன் பயனாக, 2015-ஆம் ஆண்டின் இறுதியில் பத்து வயது வரையிலுள்ளவர்கள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்ற விதியும் வந்தது.

பெண் குழந்தைகளைப் பற்றிச் சொல்லாமல் போவதற்கில்லை. பள்ளி கல்லூரிகளில் விளையாட்டு உள்பட எதிலும் பெண்களுக்கு வேற்றுமை கூடாது என்ற சட்டத்தை அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றியது 1972-இல். அதற்கு ஓராண்டு முன்பே, 1971-இல், இந்த ஸ்தாபனம் சிறுமியருக்கு அணிகள் ஏற்படுத்திவிட்டது. அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் பல பெரிய கால்பந்து நாடுகளில் பெண்கள் இந்த ஆட்டத்தை ஆடுவதற்குச் சம்மேளனங்கள் விதித்திருந்த தடை அப்போதுதான் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் இதன் மதிப்பு விளங்கும். ஆண்களின் கால்பந்து அமெரிக்காவில் ஆழ வேரூன்றாமல் இருந்ததே பெண்களுக்கு அதிர்ஷ்டமாயிற்று. 'இது எங்கள் சொத்து' என்று குறுக்கே நிற்க அங்கே ஆள் குறைவு. 1991-இல் சீனாவில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பையை அமெரிக்கர் வென்றனர். 1999 ஜூலை 10-ஆம் தேதி பாசடீனா நகரத்து ரோஸ் பவுல் அரங்கில் சீனத்தோடு நடந்த இறுதி ஆட்டத்துக்குக் கூடியவர்கள் 90,185 பேர். அந்த ஜனத்திரளில் எத்தனையோ சிறுமியர் தங்கள் சனிக்கிழமை அணியின் சட்டையோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். பிற்காலத்தில் புகழ்பெற்ற அலெக்ஸ் மார்கன் இந்த ஸ்தாபனத்தில் ஆடி வளர்ந்தவர். தேர்வு வைத்து எடுக்கும் கிளப்பில் அவர் சேர்ந்தது பதினான்கு வயதில்தான் என்ற செய்தியை, ஏழு வயதுக் குழந்தையின் எதிர்காலத்தை எண்ணி இரவில் தூக்கமிழக்கும் பெற்றோர் அனைவரும் அறிந்துகொள்வது உடம்புக்கு நல்லது. உடலாலோ அறிவாலோ குறைபாடுள்ள குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு ஒன்றும் இருக்கிறது. அங்கே ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் ஒரு துணைப்பிள்ளை கூடவே ஓடுகிறான். எல்லோரும் ஆடவேண்டும் என்ற சொல் முழு அர்த்தத்தோடு நிறைவேறுவதை அங்கேதான் காணலாம்.

இதுவரை சொன்னதைக் கேட்டு அந்த மைதானங்களில் சாந்தி தவழ்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். கோட்டுக்கு வெளியே நிற்கும் பெற்றோர்தான் அந்த ஸ்தாபனத்தின் பலமும் பலவீனமும். "உதைடா!", "அங்கே ஓடுடா!", "நடுவரே, கண் தெரியவில்லையா?" என்ற கூச்சல் எந்தப் பாஷையிலானாலும் ஒரே சுருதியில்தான் எழுகிறது. நடுவராக நிற்பது பெரும்பாலும் இன்னொரு குழந்தையின் தாயாராகவோ, பதினான்கு வயதுப் பையனாகவோ இருக்கும். அந்தப் பையன் ஒரு பருவத்தில் கேட்ட வசைச் சொற்களே போதுமென்று மறு பருவத்தில் ஊதலைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். நடுவர் பஞ்சம் அந்நாட்டுச் சிறுவர் கால்பந்தை வருத்தும் தீராத நோய். இதற்கு மருந்தாகச் சில ரீஜன்களில் பருவத்தில் ஒரு நாளை மௌனச் சனிக்கிழமை என்று குறிக்கிறார்கள்: அன்று பெற்றோரும் பயிற்சியாளரும் வாய் திறக்கக் கூடாது, கைதட்டலாம். வாயை அடைக்க மிட்டாய்க் குச்சி விநியோகம் செய்யும் ஊர்களும் உண்டு. அன்றைக்குத்தான் பிள்ளைகள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்து, தாங்களே யோசித்து ஆடுவது காதில் விழுகிறது.

மற்றோர் இருண்ட விஷயத்தையும் மறைக்கக் கூடாது. குழந்தைகள் கூடும் இடத்தைத் தேடி வரும் துஷ்டர்கள் உலகமெங்கும் உண்டு. சம்பளமில்லாமல் வேலை செய்ய வருகிறேன் என்பவர்களையெல்லாம் புண்ணியவான்கள் என்று நம்பிவிட முடியாது. ஆகவே பயிற்சியாளரோ நடுவரோ நிர்வாகியோ, யாரானாலும் பழைய குற்றப் பதிவு உண்டா என்ற பரிசோதனைக்கு உட்படவேண்டும்; குழந்தைப் பாதுகாப்புப் பாடத்தைப் படித்துத் தேறவேண்டும்; குழந்தையோடு தனிமையில் இருக்கலாகாது. தொண்டு செய்கிறவன் நல்லெண்ணத்தோடு, பயின்ற முறைப்படி நடந்துகொண்டால் அவனை வழக்குகளிலிருந்து காக்க 1997-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டமும் இயற்றியது. 'நான் இந்த ஊரில் இருபது வருஷமாக இருக்கிறேன், என்னையா பரிசோதிப்பது?' என்று கோபிக்கிறவர்கள் இல்லாமலில்லை. கோபித்தாலும் பரிசோதனை நடக்கிறது, அதுவே முறை.

இனி இந்த முறைக்குச் சொல்லப்படும் ஆட்சேபத்துக்கு வருகிறேன். பந்தை எப்படி உதைப்பதென்று அறியாத தகப்பனார் இரண்டு சனிக்கிழமைகளில் பாடம் கேட்டுவிட்டுப் பயிற்சியாளராகிறார். அவரிடம் கற்ற பிள்ளை எப்படி உயர்ந்த ஆட்டக்காரனாவான் என்று கேட்கிறார்கள். ஆட்சேபம் நியாயமானது. திறமையுள்ள பிள்ளைகள் பத்துப் பதினொரு வயதில் விலகி, தேர்வு வைத்து எடுக்கும் கிளப்புகளுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே பயிற்சியாளர் தொழில் தெரிந்தவர், பயிற்சி ஒழுங்கானது, வெளியூர்ப் பந்தயங்கள் உண்டு. ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் செலவும் உண்டு. உலகத்தில் மற்ற நாடுகளில் ஏழையின் ஆட்டமாயிருக்கும் கால்பந்து, அந்தச் செல்வ நாட்டில் வசதியுள்ளவன் வீட்டுப் பிள்ளையின் ஆட்டமாகிவிட்ட விபரீதத்தை அந்நாட்டாரே ஒப்புக்கொண்டு விவாதிக்கிறார்கள். பிள்ளைகள் இப்படிக் கழிந்துபோவதைக் கண்ட நம் ஸ்தாபனமும், தேர்வு வைத்துச் சேர்க்கும் பிரிவுகளையும், கூலிப் பயிற்சியாளரைக் கொண்ட ஒரு பிரிவையும் தன் குடைக்குக் கீழேயே அமைத்துக்கொண்டது. இதைச் சிலர் காலத்துக்கேற்ற விவேகம் என்கிறார்கள். சிலர் கொள்கை நழுவல் என்கிறார்கள். என் மனம் இரண்டாவது கட்சியின் பக்கம் சாய்கிறது. சிறந்த பிள்ளைக்குச் சிறந்த ஆசான் வேண்டாம் என்பது இதற்குக் காரணமன்று. தேர்வு அணியின் தகப்பனார் தம் உழைப்புக்குப் பதிலாகப் பணத்தைக் கட்டிவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். கோடு போடும் இயந்திரத்தை உருட்ட அடுத்த சனிக்கிழமை ஓர் ஆள் குறைகிறது. ஆள் குறையக் குறைய, மிஞ்சியிருப்பவர்களின் சுமை ஏறுகிறது. சுமை ஏறினால் அவர்களும் 'பணத்தைக் கொடுத்துவிடலாமே' என்று நினைக்கத் தொடங்குகிறார்கள். எட்டு வயதில் ஓடத் தெரியாத குழந்தைக்கு அந்தப் பணத்தால் என்ன பிரயோஜனம்? தேர்வில் அதன் பெயரே வராது.

நம்மவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சான்பிரான்சிஸ்கோவை அடுத்த பிரீமாண்ட், சன்னிவேல் முதலிய ஊர்களில் குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் குழந்தைகளும் இந்த மைதானங்களில் ஆடுகிறார்கள். கிரிக்கெட் மட்டையைத் தவிர வேறொன்றைப் பிடித்தறியாத தகப்பனார், ஆள் போதவில்லை என்று மின்னஞ்சல் வந்ததும் தயங்கித் தயங்கிக் கையெழுத்திட்டு, 'ஆஃப்சைடு' என்பதன் தத்துவத்தை இரவில் படித்து, காலையில் கொடியைப் பிடித்துக்கொண்டு ஓரக்கோட்டில் ஓடுகிறார். நடுவர்களுக்கு ரீஜனல், இன்டர்மீடியட், அட்வான்ஸ்டு, நேஷனல் என்று படிப்படியாகச் சின்னங்கள் உண்டு. பரீட்சை என்றால் நம்மவர்களுக்கு உற்சாகம் பிறந்துவிடுமாதலால் சிலர் அந்த ஏணியில் விடாமல் ஏறுகிறார்கள். நகை அணிந்து ஆடக் கூடாது, தோட்டின்மேல் பிளாஸ்திரி ஒட்டினாலும் செல்லாது என்ற விதிதான் நம் வீடுகளில் பெருஞ்சச்சரவைக் கிளப்புவது. புதிதாய்க் காது குத்திய குழந்தையின் பாட்டி, துளை தூர்ந்துவிடும் என்று கழற்ற மறுப்பாள். நடுவர் ஆட விட மறுப்பார். இடையில் நிற்கும் மருமகளின் பாடு சொல்லத் தரமன்று. ஒரு காலத்தில் குடியேறியவர்கள் தங்களுக்குள்ளே ஆடி ஊராரிடமிருந்து ஒதுங்கி நின்ற அதே ஆட்டம், இன்று வேறு தேசத்திலிருந்து வந்தவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரரின் பெயரை அறிமுகம் செய்து வைக்கிறது.

நேரமாகிவிட்டதென்று கூட்டத் தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். இத்தனை பதவிகளுக்கும் ஆண்டுதோறும் ஆட்கள் எங்கிருந்து கிடைக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கக்கூடும். அதற்கு மட்டும் பதில் சொல்லி முடித்துவிடுகிறேன். விளம்பரத்தைப் பார்த்து வருகிறவர்கள் சிலரே. ஆட்ட அட்டவணை அநியாயமாக இருக்கிறது, எங்கள் பிள்ளைக்கு மட்டும் வாரந்தோறும் காலை எட்டு மணி ஆட்டமே விழுகிறது என்று ஒரு தாயார் கோபத்தோடு கமிஷனரைத் தேடி வருவார். கமிஷனர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அவர் சொல்வதில் நியாயம் இருப்பதாக ஒப்புக்கொண்டு, அட்டவணை போடுகிறவர் இந்த ஆண்டோடு விலகுகிறார் என்ற செய்தியையும் தெரிவித்து, தொண்டர் விண்ணப்பப் படிவத்தை எடுத்து நீட்டுவார். அடுத்த ஆண்டு அட்டவணையை அந்த அம்மாள்தான் போடுவார். அவரைத் தேடி இன்னொருவர் வருவார்.